எண்பத்தெட்டின் கடைசி வரி

காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது அவளுடைய பின்கழுத்து. சங்கிலி அழுந்திய கோடு, மூன்று வியர்க்குரு, இடது காதுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் முனை. அதற்கடுத்த பத்து நாட்களும் என் மனைவியை நான் அதிகம் பார்த்தது இந்தப் பக்கத்திலிருந்துதான்.

அவள் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். நெஞ்சுக்குக் கீழே இரண்டு தலையணை. கட்டிலின் விளிம்பைத் தொட்டபடி இரண்டு முக்காலிகளைச் சற்று இடைவெளி விட்டுப் போட்டு, அவற்றின் மேல் நடுவில் ஓட்டையுள்ள ஒரு காற்றுத் தலையணையை வைத்திருந்தேன். அவள் முகம் அந்த ஓட்டையில் பதிந்திருந்தது. மூல நோய்க்காரர்கள் உட்காருவதற்காக மருந்துக் கடையில் விற்பது அது. கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். கண்ணுக்கு என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

நான் எழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருந்தது.

"தேதி இன்னா?" என்றாள். குரல் தரையிலிருந்து வந்தது.

"பத்தொன்பது."

"அப்ப புஸ்தகத்த எடுங்க. நீங்கதான் படிக்கணும்."

முந்தைய மாலைதான் அவளை மருத்துவமனையிலிருந்து கரிக்கலாம்பாக்கத்து வீட்டுக்கு அழைத்து வந்திருந்தேன். இடது கண்ணில் விழித்திரை கழன்றிருந்தது. வலது கண் அவளுக்குப் பத்து வயதிலேயே போய்விட்டது. விறகு பொறுக்கும்போது சவுக்குக் குச்சி குத்தியது. ஆகவே இருந்தது ஒரு கண். அந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அவள் ஸ்கூட்டி ஓட்டினாள், அங்கன்வாடியில் இருபத்தேழு வருடம் வருகைப் பதிவேடு எழுதினாள், என் சட்டையில் பட்டன் தைத்தாள். பதிவேடு எழுதிக்கொண்டிருந்த ஒரு நாள் கருப்பு நூல் போல ஏதோ மிதப்பதைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடி அழுக்கு என்று நினைத்து இரண்டு நாள் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது நாள் கீழேயிருந்து ஒரு திரை மேலே ஏறி வந்தது.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழ் வைத்திருக்கிறார்கள். குமிழ் எப்போதும் மேலே போகும். விழித்திரை கண்ணின் பின்சுவரில் இருக்கிறது. பின்சுவர் மேலே வர வேண்டுமென்றால் முகம் தரையைப் பார்க்க வேண்டும். பத்து நாள். மணிக்குப் பத்து நிமிடம் எழுந்திருக்கலாம், அப்போதும் குனிந்தபடி. பார்வை வருமா என்று கேட்டேன். வாயு கரைந்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். 'விழித்திரை' என்பதில் ஒற்று சரியாக இருந்தது. அந்த நேரத்தில் நான் கவனித்தது அதைத்தான். வேறு எதுவும் தோன்றவில்லை.

புத்தகத்துக்கு வருகிறேன். நான் பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பம். என் அண்ணன் இன்றும் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் போடுகிறார். எங்கள் வீட்டில் சாமி என்றால் பொங்கல், படையல், வருடத்துக்கு ஒரு கூழ் வார்த்தல். அவள் கிறிஸ்தவப் பெண். பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அவள் கொண்டுவந்த பொருட்களில் ஒன்று, கருப்பு அட்டையும் சிவப்பு ஓரமும் உள்ள பைபிள்; பதினாறு வயதில் சபையில் கொடுத்தது. முப்பத்தோரு வருடமாக அது எங்கள் வீட்டில் இருந்தது. அவள் அதை விடியற்காலையில் வாசிப்பாள். நான் எழுந்து பேப்பர் வாசிப்பேன். இருவரும் ஒரே ட்யூப்லைட்டின் கீழே வாசித்தோம். அவள் என்னை வாசிக்கச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அவள் வாசித்தது சங்கீதங்களை மட்டும். மற்றவற்றை ஞாயிற்றுக்கிழமை சபையில் கேட்பதோடு சரி. சங்கீதங்கள் மொத்தம் நூற்றைம்பது. அவள் வீட்டில் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். தேதியை எடுத்துக்கொள்வது, அந்த எண்ணுள்ள சங்கீதம் ஒன்று, பிறகு முப்பது முப்பதாகக் கூட்டிக்கொண்டே போவது. பத்தொன்பதாம் தேதி என்றால் பத்தொன்பது, நாற்பத்தொன்பது, எழுபத்தொன்பது, நூற்றொன்பது, நூற்று முப்பத்தொன்பது. நாளுக்கு ஐந்து. முப்பது நாளில் நூற்றைம்பதும் முடிந்துவிடும். முப்பத்தோராம் தேதி வந்தால் அன்று லீவு.

இந்தக் கணக்கில் ஒரு விஷயம் இருக்கிறது. இன்று எந்தப் பாட்டு என்பதைத் தேதிதான் முடிவு செய்கிறது, வாசிப்பவருடைய மனநிலை முடிவு செய்வதில்லை. அவளுடைய அப்பா ஒரு முப்பதாம் தேதி விடியலில் இறந்தார். அன்றைக்கு உரிய ஐந்தில் கடைசி நூற்றைம்பதாவது. மேளம், தாளம், ஊதுகொம்பு, எல்லாவற்றையும் முழக்கிக் கடவுளைப் புகழச் சொல்வது. கூடத்தில் அப்பாவை நாற்காலியில் சாய்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் உள்ளறையில் உட்கார்ந்து அதை வாசித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். நான் வாசலில் நின்று கேட்டேன். அப்போது அதை ஒரு பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

நான் ஒரு தினசரியின் புதுச்சேரிப் பதிப்பில் முப்பது வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். பதிப்பை மூடியதும் வீட்டுக்கு வந்தவன். உதவி ஆசிரியருடைய வேலை பெரும்பாலும் வெட்டுவது. நிருபர் அனுப்புவது நாற்பது வரி. இடம் பதினெட்டு வரிக்கு. முக்கியமானது மேலே இருக்கும், கீழே போகப் போக முக்கியம் குறையும், ஆகவே கீழேயிருந்து வெட்டு. ஒரே விஷயம் இரண்டு முறை வந்தால் ஒன்றை எடு. புரியாத சொல்லை எடு. வாசகர் மனம் புண்படுவதை எடு. இதைக் கை செய்தது, தலை செய்யவில்லை. அப்படித்தான் பழக்கம்.

பத்தொன்பதாம் தேதி காலை தரையில் பாயைப் போட்டு, அவள் முகத்துக்குக் கீழே சற்றுத் தள்ளி உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாவது பக்கத்திலேயே கை வேலையைத் தொடங்கிவிட்டது. சங்கீதத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு வரியும் ஒன்றை இரண்டு முறை சொல்கிறது. 'என் சத்தத்தைக் கேள்' என்ற பொருளில் ஒன்று, 'என் கூப்பிடுதலுக்குக் காதுகொடு' என்ற பொருளில் இன்னொன்று. இரண்டாவதை விட்டேன். நடுநடுவே 'சேலா' என்று ஒரு சொல் தனியாக நிற்கிறது. யாருக்கும் அதன் பொருள் உறுதியாகத் தெரியாதாம். அது பிறகு தெரிந்தது. அச்சுக் கோக்கும்போது தங்கிவிட்ட ஏதோ குறி என்று நினைத்து அதையும் வாசிக்காமல் விட்டேன். நூற்றொன்பதில் ஒருவன் தன் எதிரிக்குச் சாபம் விடுகிறான். அவன் பிள்ளைகள் வீடு வீடாக அலைய வேண்டும் என்கிற அளவுக்குப் போகிறது. பாதிக்கு மேல் விட்டேன். பதினோரு நிமிடத்தில் ஐந்தும் முடிந்தன.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்."

அவள் எதுவும் சொல்லவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் கூடச் சொல்லவில்லை.

நாட்கள் ஒரே மாதிரி போயின. ஆறு மணிக்குச் சொட்டு மருந்து. கண்கட்டை எடுத்து, அவள் குனிந்தபடியே தலையைச் சாய்க்க, நான் தரையில் மல்லாந்து படுத்து, கீழேயிருந்து இமையை விலக்கி ஓரத்தில் சொட்டை விட வேண்டும். மூன்று மருந்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடம். ஏழரைக்கு இட்லி. பிய்த்துக் கீழேயிருந்து ஊட்டினேன். டம்ளரைத் தரையில் வைத்து உறிஞ்சு குழாயை வாயில் கொடுத்தேன். எறும்பு வராமல் இருக்க டம்ளரைச் சுற்றி எறும்பு சாக்பீசால் வட்டம் போட்டேன். வெளியே பக்கத்து மனைக்குச் செம்மண் கொட்டும் லாரி ஒன்பது மணிக்கு வரும். நாங்கள் வீடு கட்டியபோது எதிரே நெல் இருந்தது. இப்போது வரிசையாக வெள்ளைக் கல். மாலையில் மறுபடி மருந்து. எல்லாவற்றையும் குறிப்பேட்டில் நேரம் போட்டு எழுதினேன். பயமாக இருக்கிறதா என்று அவள் ஒருமுறை கேட்டாள். யோசித்துப் பார்த்து, தெரியவில்லை என்றேன். "எனக்கும் மரத்துப்போச்சி. கழுத்தச் சொல்றேன்," என்றாள்.

இருபத்திரண்டாம் தேதி மாட்டிக்கொண்டேன்.

இருபத்திரண்டாவது சங்கீதம், கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று ஒருவன் கேட்பதில் தொடங்குகிறது. எலும்பு கழன்றது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று உடம்பை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறான். நீளம். குக்கரில் ஆவி வரத் தொடங்கியிருந்தது. முக்கியமானது மேலே வந்துவிட்டது என்று கணக்கிட்டு, இருபதாவது வசனத்துக்கு அருகே நிறுத்தி, ஐம்பத்திரண்டுக்குப் போனேன்.

"இருங்க," என்றாள். "இருபத்திரண்டு அங்க முடியாது."

"கொஞ்சம் இருக்குது. அது சும்மா நன்றி சொல்றதுதான்."

"சும்மாவா? அதுக்காகத்தான் அந்த மனுசன் அவ்ளோ நேரம் கத்தறான். பேப்பர்ல எடம் பத்தலையா உங்களுக்கு?"

நான் பக்கத்தைப் பின்னால் திருப்பினேன்.

"பத்தொம்பதாந்தேதிலேந்து பாக்கறேன். ரெண்டாவது பாதிய முழுங்கறீங்க. சேலா ஒண்ணுகூட வரல. நூத்தியொம்பதுல எல்லாத்தையும் வுட்டுட்டீங்க. பெரிய நல்லவர் மாதிரி."

"எல்லாம் தெரிஞ்சுதான் இருக்குதுன்னா எதுக்கு என்னைப் படிக்கச் சொல்ற?"

"மனப்பாடம்னு இல்ல. நீங்க ஒரு வரி எடுத்துக் குடுத்தா அடுத்தது வந்துடும். நானா ஆரம்பிச்சா நின்னு பூடுது. மடை தெறந்து வுட ஒரு ஆள் வேணும்."

"ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொல்லுது. எதுக்கு?"

அவள் கழுத்தில் நரம்பு ஒன்று அசைந்தது.

"மொத தடவ சொல்றது சேதி," என்றாள். "அதையே மறுபடி சொல்றப்பதான் கேக்கறது. புள்ளைங்க தண்ணி வேணும்னு ஒரு தடவையா கேக்குது? குக்கர நிறுத்திட்டு வந்து மிச்சத்தப் படிங்க."

குக்கரை நிறுத்திவிட்டு வந்து மிச்சத்தைப் படித்தேன். அவள் சொன்னது சரி. செய்தியில் முக்கியமானது தலையில் இருக்கும். இந்தப் பாட்டுகளில் அது கடைசியில் இருந்தது. பல பாட்டுகளில் கடைசி இரண்டு வரியில். ஆரம்பத்தில் புகார். நடுவில் புகார், இன்னும் விவரமாக. பிறகு எந்தக் காரணமும் காட்டாமல் ஒரு திருப்பம். எதிரி போனான் என்றோ நோய் தீர்ந்தது என்றோ எங்கும் தகவல் இல்லை. நிலைமை அப்படியே இருக்க, பேசுகிறவன் மட்டும் திரும்புகிறான். இது என் மேசைக்கு வந்திருந்தால் நிருபரைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன்: இடையில் என்ன நடந்தது, ஏன் எழுதவில்லை?

மறுநாள் அண்ணி வந்தார். அண்ணனின் மனைவி. பாகூரிலிருந்து பஸ் பிடித்து, ஒரு பை நிறையக் கொடுக்காப்புளியும் ஒரு தூக்கு மீன் குழம்புமாக. கட்டிலருகே வந்து குனிந்து பார்த்தார்.

"இன்னாடி, தரையில இன்னா தேடற? மூக்குத்தி வுழுந்துடுச்சா?"

"வாங்கக்கா. உங்க காலு மட்டும் தெரிஞ்சா போதும்னு இருக்கறேன். அதுவும் தெரியல."

"தெரியலன்னா நல்லதுதான். பித்தவெடிப்பு." அண்ணி பாயில் உட்கார்ந்தார். "வில்லியனூர் கோயில்ல வேண்டிக்கினு இருக்கேன். உனக்குச் சரியாவட்டும், அம்மனுக்கு வெள்ளியில கண்மலர் வாங்கிச் சாத்தறேன்னு. உன் சாமி கோவிச்சிக்குமா?"

"கோவிச்சிக்காது. ரெண்டு பேரும் சேந்து பாக்கட்டும்."

காலையில் பாதியில் நின்றிருந்ததை அப்போது முடித்தேன். எண்பத்துமூன்று. அது கடவுளைப் பார்த்து, பேசாமல் இருக்காதே, சும்மா இருக்காதே என்று சொல்லித்தான் தொடங்குகிறது. அண்ணி கொடுக்காப்புளி உரிப்பதை நிறுத்தினார்.

"இன்னா தம்பி இது? சாமியவே அதட்டுது?"

"அப்படித்தான் எழுதியிருக்குது அண்ணி."

"நான் இன்னாவோ உங்க ஆளுங்க கண்ண மூடிக்கினு பவ்யமா கும்புடுவாங்கன்னுல்ல நெனச்சேன். போன வருசம் ஏரி ஒடஞ்சி நாத்து முழுவிச்சே, அப்ப நான் அம்மன்கிட்ட போயி இப்படித்தான் கேட்டேன். ஒன் உண்டியல்ல போட்டதெல்லாம் இன்னாத்துக்குன்னு. பூசாரி என்னை வெளிய போவச் சொல்லிட்டாரு."

"எங்க புஸ்தகத்துல வெளிய போவச் சொல்ல மாட்டாங்கக்கா," என்றாள் என் மனைவி தரையைப் பார்த்தபடி. "அதட்டறதையும் உள்ள வெச்சித் தச்சிட்டாங்க."

அண்ணி போகும்போது என்னிடம் தனியாகக் கேட்டார், கண் வருமா என்று. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "வந்துடும்," என்றார் அண்ணி. கேட் வரை போய்த் திரும்பி, "வராட்டியும் சொல்லுங்க, நான் வந்து இருக்கேன்," என்றார்.

அடுத்த சில நாட்கள் நான் எதையும் விடவில்லை. இரண்டாவது பாதியையும் வாசித்தேன். சேலா வந்தால் சேலா என்று சொல்லி ஒரு மூச்சு நிறுத்தினேன். அங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் அவர்கள் வீட்டு வழக்கமாம். தினமும் இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. இந்தப் பாட்டுகளில் என்ன இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டது அப்போதுதான். படுக்கை வருகிறது. தூக்கம் வராதது வருகிறது. பக்கத்து வீட்டுக்காரன் பேசியது, கூட உட்கார்ந்து சாப்பிட்டவன் காலை வாரியது, வயதாகிப் பலம் குறைவது, விதைப்பு, பனி, ஆட்டுமந்தை. இருபத்திநான்காம் தேதிக்குரிய ஒன்றில் களஞ்சியம் நிறைய வேண்டும், மாடு பலமாக இருக்க வேண்டும் என்று ஒரு வேண்டுதல். என் அண்ணன் பொங்கலன்று கேட்பதும் அதுதான். இருபத்தாறாம் தேதி ஒன்றில், கடவுள் தன் கண்ணீரைத் தோல் பையில் சேர்த்து வைத்திருக்கிறார் என்கிறான் ஒருவன். அதை வாசித்த கையோடு சொட்டு மருந்து விட்டேன். மருந்து கன்னத்தில் வழிந்து என் நெற்றியில் விழுந்தது.

சபையிலிருந்து போதகர், அவர்கள் பேச்சில் ஐயர், ஒரு மாலை வந்தார். நல்ல மனிதர். கட்டிலருகே முழங்காலிட்டு ஜெபித்தார். கர்த்தர் இந்தக் கண்ணை ஏற்கெனவே குணமாக்கிவிட்டார், அதற்காக நன்றி என்றார். என் மனைவி ஆமென் என்றாள். அவர் போன பிறகு, "ஐயர் நல்லாத்தான் ஜெபம் பண்றாரு," என்றாள். "ஆனா டாக்டருக்கே தெரியாதத இவரு எங்கேந்து தெரிஞ்சிக்கினாரு? கேட்டுட்டுக் காத்துக்கினு இருக்கறதுன்னு ஒண்ணு இருக்குது இல்ல."

இருபத்தேழாம் தேதி மாலை, மறுநாளுக்கு உரியதைப் புரட்டிப் பார்த்தேன். நாளைய பக்கத்தை இன்று பார்த்துவைப்பது தொழில் பழக்கம். குப்புறக் கிடக்க வேண்டியதில் மறுநாள்தான் கடைசி நாள். இருபத்தெட்டு, ஐம்பத்தெட்டு, எண்பத்தெட்டு, நூற்றுப் பதினெட்டு, நூற்று நாற்பத்தெட்டு. எண்பத்தெட்டில் நின்றேன்.

குழியில் கிடக்கிறவன் ஒருவன் பேசுகிறான். கண் துக்கத்தால் தேய்ந்துபோனது என்று ஒரு இடத்தில் சொல்கிறான். தினமும் கூப்பிட்டேன் என்கிறான். பதில் இல்லை. திருப்பம் எங்கே என்று கீழே போனேன். வரவில்லை. நண்பர்கள் தூரப் போய்விட்டார்கள் என்கிறான், கடைசிச் சொல் இருட்டு என்ற பொருளில் வருகிறது, அதோடு முடிந்துவிடுகிறது. பக்கத்தைத் திருப்பினேன். எண்பத்தொன்பது தொடங்கியிருந்தது. நடுவில் தாள் ஏதும் கிழிந்திருக்கிறதா என்று தையலை விரலால் தடவிப் பார்த்தேன். கிழியவில்லை.

இதை ஒரு கண் இல்லாமல், இருந்த கண்ணையும் கட்டிப்போட்டுத் தரையைப் பார்த்துக் கிடப்பவளுக்கு வாசிக்க முடியாது என்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானத்தில் அன்பு எவ்வளவு, உதவி ஆசிரியர் எவ்வளவு என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கடைசி வசனத்தை எடுத்துவிடுவது. ஆனால் அப்போது பாட்டு அந்தரத்தில் நிற்கும், அவள் கண்டுபிடித்துவிடுவாள். ஆகவே முப்பதாவது சங்கீதத்தில், அழுகை போய்க் காலை வரும் என்ற பொருளில் உள்ள இரண்டு வரிகளை எடுத்து இதன் அடியில் ஒட்டிவிடுவது. பழைய நாட்களில் இப்படி எத்தனையோ செய்திகளுக்கு வால் ஒட்டியிருக்கிறேன். யாரும் கேட்டதில்லை.

இருபத்தெட்டாம் தேதி காலை ஐந்து நாற்பதுக்கு உட்கார்ந்தேன். இருபத்தெட்டு முழுவதும். ஐம்பத்தெட்டு முழுவதும், பல்லை உடைக்கச் சொல்வது உட்பட. எண்பத்தெட்டில் சேலாக்கள் இரண்டையும் சொன்னேன். கடைசி வசனத்தைத் தயக்கமில்லாமல் தாண்டி, துண்டுத் தாளில் எழுதி வைத்திருந்த இரண்டு வரிகளையும் அதே குரலில் வாசித்து முடித்தேன்.

லாரி இன்னும் வந்திருக்கவில்லை. வீடு சத்தமில்லாமல் இருந்தது.

"நாளன்னிக்கி படிக்க வேண்டியத எதுக்கு இன்னிக்கே படிச்சீங்க?" என்றாள்.

நான் தாளை மடித்தேன்.

"கடைசி வரி சரியில்ல," என்றேன்.

"இன்னா சரியில்ல?"

"இப்ப உனக்கு..."

"எனக்கு இப்ப இன்னா. கண்ணக் கட்டிக் கெடக்கறேன், அதுல இருட்டுன்னு வருது. அதானே?"

"அதான்."

"அதுக்கு முடிவு கெடையாது. அது அப்படித்தான். நூத்தம்பதுல அது ஒண்ணுதான் அப்படி. சின்ன வயசுல எங்கப்பாகிட்ட கேட்டேன், மிச்சம் எங்கன்னு. மிச்சம் இல்ல, அவ்ளோதான், படின்னாரு." மூச்சு வாங்கிக்கொண்டாள். அப்படிப் படுத்துக்கொண்டு நீளமாகப் பேசுவது கஷ்டம். "எழுதனவன் குழியில கெடந்தான். அவனுக்கு யாரும் முடிவு எழுதிக் குடுக்கல. சாமியும் குடுக்கல. எடுத்துப் போடாம புஸ்தகத்துல வெச்சிருக்காங்க. நீங்க எதுக்கு வால் ஒட்டறீங்க?"

"நீ பயந்துடுவியோன்னு."

"நான் மாசாமாசம் இருபத்தெட்டாந்தேதி அதப் படிச்சிட்டு அங்கன்வாடிக்குப் போயி முட்டை அவிச்சிருக்கேன். இன்னா ஆச்சி? ஒண்ணும் ஆவல. இருட்டுன்னாலும் அவர்கிட்டதான சொல்றான். செவுத்துகிட்டயா சொல்றான்? நீங்க கதையக் கெடுக்காதீங்க. படிங்க."

புத்தகத்தை மறுபடி திறந்தேன். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். நான் கவனித்தது சாக்பீஸ் வட்டத்துக்கு வெளியே ஒரு எறும்பு நின்று திரும்பிப் போவதை. கடைசி வசனத்தை வாசித்தேன். அவளும் சொன்னாள், எனக்கு அரைச் சொல் பின்னால். கடைசிச் சொல்லை நான் சொல்லி, அவள் சொல்லி, நின்றது.

"அடுத்தது நூத்திப் பதினெட்டு," என்றாள்.

இருபத்தொன்பதாம் தேதி அவள் எழுந்து உட்கார்ந்தாள். அன்று நூற்றுப் பத்தொன்பது வரும் நாள், இருப்பதிலேயே நீளமானது. அதற்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது. எதையும் விடவில்லை. அவள் முகத்தில் காற்றுத் தலையணையின் வளையம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அது மறைய மூன்று நாள் ஆயிற்று. அன்று மருத்துவமனையில் கண்கட்டை நிரந்தரமாக எடுத்துவிட்டார்கள். கண்ணில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். கொத்தனார் மட்டம் பார்க்கும் குழாயில் குமிழ் ஆடுவது போல ஒரு ஆட்டம், அதைச் சுற்றி வெளிச்சம் என்றாள். குமிழ் சின்னதாக ஆக ஆகத் தெளியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்.

அந்த மூன்று வாரமும் காலையில் அவளே உட்கார்ந்து தேதி கேட்டாள், நான் வாசித்தேன். பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டினார்கள். அங்கன்வாடியிலிருந்து உதவியாளர் வந்து, பதிவேட்டை யார் எழுதுவது என்று மேலிடத்தில் கேட்டிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். முதல் வாரம் ஜன்னல் தெரிகிறதா என்று தினமும் கேட்டேன். வெளிச்சம் தெரிகிறது என்றாள். இரண்டாவது வாரம், குமிழ் கடுகளவு ஆகிவிட்டது என்றாள். மூன்றாவது வாரம் அது போய்விட்டது என்றாள். ஜன்னலைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அண்ணி போன் செய்து, கண்மலருக்கு வில்லியனூர் ஆசாரியிடம் சொல்லிவிட்டதாகவும், ஜோடியாகத்தான் செய்வார்களாம், அதனால் வலது கண்ணுக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டதாகவும் சொன்னார். என் மனைவி சிரித்தாள்.

போக வேண்டிய நாள் இருபதாம் தேதி. ஐந்து நாற்பதுக்கு வாசித்தோம். இருபது, ஐம்பது, எண்பது, நூற்றுப் பத்து, நூற்று நாற்பது. எண்பதில் ஒரே வேண்டுதல் மூன்று இடத்தில் வருகிறது, ஏறக்குறைய அதே சொற்களில். கடவுள் தன் முகத்தைக் காட்ட வேண்டும் என்பது. மூன்றையும் வாசித்தேன். ஆட்டோ ஏழேகாலுக்கு வந்தது. அரியூர் வழியாகப் போனோம். மெயின் ரோட்டில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். உள்ளங்கை காய்ந்திருந்தது.

மருத்துவமனையில் ஒன்பது இருபதுக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் விளக்கைக் குறைத்து, கருவியில் கண்ணை வெகு நேரம் பார்த்தார். பிறகு விளக்கைப் போட்டார். சுவரில் எழுத்துப் பலகை இருந்தது. அதை அவர் காட்டவில்லை. நாற்காலியை அவளுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது கையைத் தூக்கி மூன்று விரலை விரித்தார்.

"எத்தனை விரல்மா?"

என் மனைவி முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கமும் கொஞ்சம் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

"கை எங்க இருக்குது டாக்டர்?" என்றாள்.

டாக்டரின் கை அவள் முகத்திலிருந்து ஓரடி தூரத்தில் இருந்தது.